ஊசி இல்லாமல் திரும்பி வந்த திசைகாட்டி

“திருட்டுப் போனதாலதான் இதெல்லாம் பிழைச்சிருக்கு. அவர் வீட்டுலயே இருந்திருந்தா ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது. இதுக்குப் போய் ஏன் இவ்வளவு வருத்தப்படுறீங்க?” 2016-இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் கட்டடத்தில், பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் ஜான் டீயின் கொள்ளைபோன நூலகம் பற்றிய கண்காட்சி நடந்தது. பார்த்துவிட்டு வெளியே வரும்போது என்னுடன் வந்த நண்பர் சொன்னது இது. அவர் ஆவணக் காப்பகம் ஒன்றில் வேலை பார்ப்பவர். பழைய தாள்களோடே காலம் தள்ளியவர். எது நிற்கும், எது மக்கிப்போகும் என்பது அவருக்குத் தெரியும். வாதத்துக்காக அவர் அதைச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். எனக்கும் அந்த இடத்தில் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஆனால் மனம் ஒப்பவும் இல்லை. அந்தப் பேச்சு இத்தனை வருடம் கழித்தும் உள்ளே கிடந்து உறுத்துகிறது. சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

ஜான் டீ என்றால் பெரும்பாலானவர்களுக்கு முதலாம் எலிசபெத் அரசியின் சோதிடர், மந்திரவாதி. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அந்தக் கருங்கண்ணாடி, கண்ணாடிக்குள் காட்சி காண்பவரான எட்வர்ட் கெல்லியை முன்னால் உட்காரவைத்து அவர் தேவதூதர்களோடு பேசிய கதை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், எழுதவும் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒரு ஜான் டீ. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே படித்தவர், படித்த பக்கத்தை அப்படியே விட மனமில்லாதவர். கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது நாளுக்கு 18 மணி நேரம் படித்ததாகவும், தூங்க 4 மணி நேரம், சாப்பிடவும் மற்றதற்கும் 2 மணி நேரம் மட்டுமே ஒதுக்கியதாகவும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவருடைய புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு அதை நம்புவதில் சிரமம் இருக்காது.

கண்காட்சியில் என்னை நகரவிடாமல் நிறுத்தியது ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் ஒரு தொகுதி. 1539, 1540 ஆண்டுகளில் பாரிஸில் அச்சானது, பெரிய அளவுப் புத்தகம். அதில் கடவுளரின் இயல்பு பற்றிய நூல் வரும் பக்கத்தில் ஒரு கப்பல். அச்சிட்டது இல்லை, பேனாவால் வரைந்தது. பாய்கள் காற்றில் உப்பி நிற்கின்றன, கயிறுகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. இளம் வயதில் லத்தீன் படித்துக்கொண்டிருந்த ஒருவர், வரிகளை நிறுத்திவிட்டுப் பக்கத்தின் ஓரத்தில் பொறுமையாக இழுத்த கோடுகள் அவை. கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போதே அந்தக் கை எங்கே அழுத்தியது, எங்கே லேசாக ஓடியது என்று தெரிந்தது. இதே மனிதர்தான் பின்னாளில் வடக்குக் கடல் வழியாகச் சீனா போகும் பாதைக்காக மாலுமிகளுக்குக் கணக்கும் வரைபடமும் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆசை எப்போது முளைத்தது என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

அதே சேகரிப்பிலுள்ள புத்தகங்களின் முதல் பக்கங்களைப் பார்த்தால்தான் வயிறு எரியும். ஜான் டீ என்ற கையெழுத்து இருந்த இடத்தைக் கழுவியிருக்கிறார்கள், சுரண்டியிருக்கிறார்கள். அதன்மேல் இன்னொரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. நிக்கோலஸ் சாண்டர். அவர் ஜான் டீயிடம் படித்தவர் என்கிறார்கள்.

ஆற்றங்கரை வீடு

மார்ட்லேக்கில் தேம்ஸ் கரையில் இருந்த அந்த வீடு ஜான் டீயின் தாயாருடையது. லண்டனுக்கும் ரிச்மண்ட் அரண்மனைக்கும் இடையில் படகில் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் மந்திரிகள், கடலோடிகள், வெளிநாட்டு அறிஞர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். அரசியே வந்தார். 1575 மார்ச் 10-ஆம் தேதி நூலகத்தைப் பார்க்கவென்று தன் ஆலோசகர்களோடு வந்தவர், ஜான் டீயின் மனைவியை அடக்கம் செய்து நாலு மணி நேரம்தான் ஆகிறது என்று கேள்விப்பட்டதும் உள்ளே வராமல் வெளியிலேயே பேசிவிட்டுத் திரும்பிப் போனார்.

தன்னிடம் ஏறக்குறைய 4000 புத்தகங்கள் இருந்ததாகவும் அதில் கால்வாசி கையெழுத்துப் பிரதிகள் என்றும் ஜான் டீ பின்னாளில் சொன்னார். அவரே 1583-இல் எழுதிய பட்டியலில் ஏறத்தாழ 2300 அச்சுப் புத்தகங்களும் 200-க்குச் சற்றுக் குறைவான கையெழுத்துப் பிரதிகளும் இருக்கின்றன. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பொது நூலகத்தில் சில நூறு புத்தகங்களே இருந்த காலம் அது. ஒரு தனி மனிதரின் வீட்டில் அதைவிடப் பல மடங்கு. யூக்ளிட், தாலமி, ரோஜர் பேக்கன், பாராசெல்சஸ், எபிரேய இலக்கணம், வானியல், கடலோட்டம், இரும்பும் தாதுவும், வெல்ஷ் வம்சாவளிகள் என்று எல்லாம் அங்கே இருந்தன. பக்கத்திலேயே ரசவாத அடுப்புகள், கருவிகள், வரைபடக் கலைஞர் மெர்காட்டர் செய்த இரண்டு கோள உருண்டைகள். மெர்காட்டர் அவருக்கு நேரடி நண்பர், லூவெய்னில் படித்தபோது கிடைத்த நட்பு.

அவர் எப்படிச் சேர்த்தார் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1563 பிப்ரவரியில் ஆண்ட்வெர்ப்பிலிருந்து அரசியின் செயலர் வில்லியம் செசிலுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். டிரிதெமியஸ் என்ற ஜெர்மானிய மடாதிபதி எழுதிய ஒரு ரகசிய நூல், அதுவரை அச்சாகாதது, கைக்கு வந்திருக்கிறது. மறைவெழுத்தில் செய்தி அனுப்பும் கலையைச் சொல்லும் நூல். இதற்கு ஆயிரம் கிரௌன் தருகிறேன் என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள், அப்படியும் கிடைக்கவில்லை என்கிறார். பிரதி வைத்திருந்தவர் ஒரு ஹங்கேரியப் பிரபு. நூலைக் கொஞ்ச நாளைக்குத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஜான் டீ பத்து நாட்கள் இரவு பகல் பார்க்காமல் உட்கார்ந்து அதில் பாதியைக் கையாலேயே நகல் எடுத்தார். அந்தக் கடிதத்தில் இருப்பது செல்வம் சேர்ந்த மகிழ்ச்சி இல்லை. நாட்டுக்குள் இல்லாத ஒன்றை உள்ளே கொண்டுவருகிறோம் என்கிற பரபரப்புதான் அதில் தெரிகிறது.

அரசி கண்டுகொள்ளாமல் விட்ட விண்ணப்பம்

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கும் ஏழு வருடம் முன்னால் நடந்தது. 1556 ஜனவரி 15. எலிசபெத்தின் அக்கா மேரி அரசியாக இருக்கிறார். அரசியின் ஜாதகத்தைக் கணித்தார் என்று ஜான் டீயைப் பிடித்து விசாரித்து, விட்டு, ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த நிலையில் 28 வயதுக்காரர் அதே அரசிக்கு விண்ணப்பம் எழுதுகிறார். தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. நாட்டுக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று கேட்கிறார்.

பின்னணி தெரிந்ததுதான். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்ததில், நூற்றாண்டுகளாக அங்கே இருந்த பிரதிகள் சிதறிப் போயின. எது யார் கையில் இருக்கிறது என்று சொல்ல முடியாத நிலை. பூச்சியும் ஈரமும் அறியாமையும் மிச்சத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன என்று ஜான் டீ எழுதுகிறார். உதாரணத்துக்கு அவர் எடுத்துச் சொல்வது ஒரு சிசரோ நூலை. அரசைப் பற்றி சிசரோ எழுதிய புகழ்பெற்ற நூலின் ஒரு பிரதி கான்டர்பரியில் இருந்து அழிந்தது என்கிறார். அந்த நூல் அதற்குப் பிறகு உலகத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை. 1819-இல்தான் வத்திக்கான் நூலகத்தில், வேறு ஒரு நூலுக்காகச் சுரண்டி எழுதப்பட்ட தோல் ஏட்டுக்கு அடியில் அதன் ஒரு பகுதியைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் முழுசாக இல்லை.

விண்ணப்பத்தின் நடைமுறைப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஆட்கள் நாடு முழுக்கப் போய்ப் பிரதிகளைத் தேடவேண்டும், செய்தி பரவினால் வைத்திருப்பவர்கள் ஒளித்துவிடுவார்கள் என்பதால் தாமதிக்கக் கூடாது. வத்திக்கான், வெனிஸ் போன்ற இடங்களில் இருப்பவற்றுக்கு நகல் எடுத்துவரலாம். இங்கே கிடைப்பதை உடைமையாளர் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், அரசுச் செலவில் நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அவரிடமே கொடுத்துவிடலாம். அந்தக் கடைசி ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். பறிப்பதற்கும் பாழாக விடுவதற்கும் நடுவில் இன்னொரு வழி இருக்கிறது என்பது அந்த 28 வயதுக்காரருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அரண்மனை அதைக் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர் தன் காசிலேயே வாங்க ஆரம்பித்தார், கடன் பட்டும் வாங்கினார். நாட்டுக்காக அவர் கேட்ட நூலகத்தை மார்ட்லேக்கில் தன் வீட்டுக்குள்ளேயே கட்டினார் என்று சொல்வது மிகையாகாது. கான்டர்பரி புனித அகஸ்டின் மடத்தில் இருந்த பிரதிகள் பலவும் அவரிடம் வந்து சேர்ந்தன. அவற்றில் மடத்தின் அடையாளக் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அவர் அதை அழிக்கவில்லை. நண்பர் பேச்சுவாக்கில், ஜான் டீயின் சேகரிப்பிலேயே கொள்ளை போன மடத்துச் சொத்து இருந்ததே என்றும் கேட்டார். இருந்தது, உண்மைதான். ஆனால் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் வைத்திருப்பதும், அதைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொள்வதும் ஒன்றாகிவிடாது.

எடுத்தவர்கள் யார்

1583 செப்டம்பர் 21-ஆம் தேதி, போலந்துப் பிரபு லாஸ்கியோடு ஜான் டீ குடும்பத்தையும் கெல்லியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். கிராகோவ், பிராக், டிரெபோன் என்று அலைந்து திரும்பி வர ஆறு வருடம் ஆயிற்று. வீட்டை மனைவி ஜேனின் சகோதரர் நிக்கோலஸ் ஃப்ரோமண்ட் பொறுப்பில் விட்டுப் போனார். 1589 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வந்து பார்த்தால் அலமாரிகள் குலைந்து கிடக்கின்றன, கருவிகள் இல்லை. ரஷ்யாவுக்குக் கடல்வழி கண்ட ரிச்சர்ட் சான்சலர் செய்த பெரிய கோணமானியைச் சுத்தியலால் அடித்து உடைத்திருந்தார்கள். அயர்லாந்து, வேல்ஸ் நிலப் பத்திரங்கள் வைத்திருந்த பெட்டிகள் காலி.

நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த கதை, சூனியக்காரன் வீடு என்று பயந்து ஊர்க் கும்பல் புகுந்து அடித்துவிட்டது என்பது. கேட்பதற்கு வசதியான கதை. படிக்காத கூட்டம், தீவட்டி, மூடநம்பிக்கை என்று பழியை அவர்கள்மேல் போட்டுவிடலாம். ஆனால் பயந்துபோன கும்பல் எரிக்கும், ஆற்றில் எறியும். பாரிஸ் பதிப்புச் சிசரோவைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்ப் பெயரை மாற்றி எழுதி அலமாரியில் வைத்துக்கொள்ளாது. ஜான் டீ திரும்பி வந்தபின் தன் பட்டியலை எடுத்துச் சரிபார்த்து, காணாமல் போனவற்றுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார். சில இடங்களில் “ஜான் டேவிஸ் அடித்துக்கொண்டு போனது” என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். இந்த டேவிஸ், கிரீன்லாந்துக்குப் பக்கத்தில் ஒரு நீரிணைக்கே தன் பெயரைக் கொடுத்த மாலுமி டேவிஸ்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 1583 ஜனவரியில் வடமேற்குக் கடல்வழி பற்றிப் பேச அரசச் செயலர் வால்சிங்கத்திடம் ஜான் டீயும் டேவிஸும் சேர்ந்து போனதை ஜான் டீயின் நாட்குறிப்பே சொல்கிறது. ஒன்றாக உட்கார்ந்து வரைபடம் பார்த்தவர்கள். அந்த வீட்டில் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று இப்படிப்பட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சாண்டர் தானே எடுத்தாரா, எடுத்தவரிடம் வாங்கினாரா என்று கேட்கலாம். எப்படி வந்திருந்தாலும் யாருடைய புத்தகம் என்று தெரிந்தேதான் வைத்திருந்தார். தெரியாவிட்டால் அந்தப் பெயரை இவ்வளவு பாடுபட்டு ஏன் அழிக்க வேண்டும்?

1592 நவம்பர் 22-ஆம் தேதி, அரசி அனுப்பிய இரண்டு ஆணையர்கள் மார்ட்லேக் வந்தார்கள். தனக்குப் பதவியோ வருமானமோ தரவேண்டும் என்று ஜான் டீ கொடுத்த மனுவை விசாரிக்க வந்தவர்கள். முன்பு நூலகமாக இருந்த அதே அறையில் மேசை போட்டு, ஆதாரங்களையெல்லாம் பரப்பி வைத்து, தன் வாழ்க்கைக் கதை முழுவதையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டினார். நூலகத்தின் மதிப்பு 2000 பவுண்ட் என்றார். அந்த அறையில் உட்கார்ந்து அந்தக் கணக்கைச் சொல்வது எப்படி இருந்திருக்கும்!

நாட்குறிப்பில் ஒரு சின்னப் பதிவு இருக்கிறது. இந்த விஷயத்தில் என் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது அதைப் படித்த பிறகுதான். யூவெல் ஊர் சாண்டர், ஜான் டீயின் பெரிய கடல் திசைகாட்டியைத் திருப்பி அனுப்பினார், ஆனால் ஊசி இல்லை, இரவில் படகில் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான் பதிவு. ஜான் டீ கோபப்பட்டு ஒன்றும் எழுதவில்லை. நான் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பகலில் அனுப்பியிருக்கலாம், ஆள் அனுப்பிப் பேசியிருக்கலாம், நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ராத்திரியில், ஆற்றுவழியாக, பெட்டி மட்டும். ஊசி தொலைந்துபோயிருக்கலாம், வேண்டுமென்றே எடுத்தும் இருக்கலாம். ஊசி போன திசைகாட்டி திசைகாட்டியே இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்தேன் என்று ஒருவர் சொல்லிக்கொள்ள முடியும், ஆனால் வாங்கிக்கொண்டவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. புத்தகங்களையோ சாண்டர் இப்படிக்கூட அனுப்பிவிடவில்லை, அவரிடமே தங்கிவிட்டன.

“பிழைத்தது” என்று நண்பர் சொன்னாரே, அந்த வார்த்தைக்குள் எது அடங்குகிறது, எது அடங்கவில்லை என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தேன். தாளும் மையும் பிழைத்தன. ஆனால் ஜான் டீயின் நூலகம் என்பது வெறும் தாள் இல்லை. யூக்ளிடைப் படிக்கும்போது எழுந்து போய்ப் பக்கத்து அறையில் கோணமானியை எடுத்துப் பார்க்க முடியும், கப்பல் பற்றிய பேச்சு வந்தால் உருண்டையைத் திருப்பிப் பார்க்க முடியும், வருகிற மாலுமிக்குத் தேவையான நூலை எடுத்துக் கொடுக்க முடியும் என்கிற அந்த ஏற்பாடுதான் நூலகம். சாண்டரின் வீட்டுக்குப் போன நிமிடத்தில் அது போய்விட்டது. ஓரக்குறிப்புகளிலும் சேதம். மறுபடி பைண்டிங் செய்யும்போது விளிம்பை வெட்டியதில் ஜான் டீயின் வாக்கியங்கள் பாதியில் நிற்கின்றன. அந்தக் கண்காட்சியில் வரிகளின் பாதியைப் படித்துவிட்டு மறுபாதியைத் தேடித் தேடி நின்ற பக்கங்கள் எனக்கு இப்போதும் நினைவிருக்கின்றன.

பலகாரத்துக்கு அடியில் போன தாள்கள்

நண்பரின் கட்சிக்கு வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஜான் டீ யாருக்கும் தெரியாமல் மிகப் பத்திரமாக வைத்தவை என்ன ஆயின? தேவதூதர்களோடு நடந்த பேச்சுகளை எழுதிய ஏடுகளில் சிலவற்றை ஒரு தேவதாரு மரப் பெட்டியின் ரகசிய அறையில் வைத்திருந்தார். அவர் இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு அந்தப் பெட்டியை லண்டனில் ஜோன்ஸ் என்ற மிட்டாய்க்காரர் வாங்கினார். உள்ளே ஏதோ இருப்பதே அவருக்குத் தெரியாது. இருபது வருடம் கழித்து 1662-இல் பெட்டியை நகர்த்தும்போது உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. இடுக்கில் ஒரு இரும்புத் துண்டைச் செருகி நெம்பினார். ரகசிய அறை திறந்துகொண்டது. உள்ளே ஜான் டீயின் கையெழுத்தில் ஏடுகள், ஒரு சின்னப் பெட்டியில் ஆலிவ் மரமணி ஜெபமாலை. கணவனுக்கும் மனைவிக்கும் அந்த எழுத்து புரியவில்லை, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. வீட்டு வேலைக்காரப் பெண் அந்தத் தாள்களில் பாதியைப் பலகாரங்களுக்கு அடியில் போடவும் அதுபோன்ற மற்ற காரியங்களுக்கும் பயன்படுத்தித் தீர்த்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் மிச்சத்தை எடுத்து வைத்தார்கள். 1666 லண்டன் பெருந்தீயில் பெட்டி எரிந்துபோனது, மற்ற சாமான்களோடு ஏடுகளை மூர்ஃபீல்ட்ஸ் திடலுக்குத் தூக்கிப்போனதால் அவை தப்பின. ஜோன்ஸ் இறந்தபின் அவர் மனைவி மறுமணம் செய்துகொண்டது லண்டன் கோட்டைக் காவலர் ஒருவரை. அவர் வழியாக 1672-இல் இந்த ஏடுகள் பழம்பொருள் சேகரிப்பாளர் எலியாஸ் ஆஷ்மோலுக்குக் கிடைத்தன. பதிலுக்கு ஆஷ்மோல் கொடுத்தது, கார்ட்டர் வீரர் அமைப்பைப் பற்றித் தாம் எழுதிய நூலின் ஒரு பிரதி.

வீட்டில் மிஞ்சியிருந்த புத்தகங்களின் கதியும் நன்றாக இல்லை. மான்செஸ்டரில் திருச்சபைப் பொறுப்பு வகித்து, 1605 கொள்ளைநோயில் மனைவியை இழந்து, மார்ட்லேக் திரும்பி, கடைசி நாட்களில் ஒருவேளைச் சாப்பாட்டுக்காக ஒவ்வொரு புத்தகமாக விற்றார் என்று அடுத்த தலைமுறைச் சோதிடர் வில்லியம் லில்லி எழுதியிருக்கிறார். 1608-ஐ ஒட்டி ஜான் டீ இறந்த பிறகு மீதியும் கலைந்தது. ஆகவே, வீட்டிலேயே இருந்திருந்தால் மிஞ்சியிருக்காது என்று நண்பர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் இந்தக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சாண்டரிடம் இருந்த புத்தகங்கள் பிற்பாடு டார்செஸ்டர் பிரபு ஹென்றி பியர்பாயின்ட் கைக்கு வந்தன. 1666 தீயில், அந்தக் கண்காட்சியை நடத்திய ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவக் கல்லூரி தன் நூலகத்தின் பெரும்பகுதியை இழந்திருந்தது. 1680-இல் பிரபு இறந்த பிறகு அவர் சேகரிப்பு அந்தக் கல்லூரிக்குக் கொடையாகப் போனது. நூற்றுக்கும் மேற்பட்ட ஜான் டீ புத்தகங்கள் அங்கே இருப்பதற்குக் காரணம் இதுதான். மிட்டாய்க்காரர் பெட்டி ஏடுகள் ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்பில் சேர்ந்து, 1753-இல் அது பிரிட்டிஷ் மியூசியம் ஆனதோடு பொதுச் சொத்தாயின. ஜான் டீயின் நாட்குறிப்பு என்று நாம் சொல்வது, கோள்நிலை அட்டவணைப் புத்தகங்களின் ஓரத்தில் அவர் எழுதிவந்தது. அது ஆஷ்மோல் வழியாக ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. ஒவ்வொன்றிலும் காப்பாற்றிய கை எது? கொடுத்த கை. திருட்டு அதற்கு முன்னால் எப்போதோ நடந்த ஒரு கைமாற்றம், அவ்வளவுதான். சாண்டரின் வாரிசு யாராவது கடன்தீர்க்கச் சந்தையில் விற்றிருந்தால் அந்தக் கப்பலையும் நாம் பார்த்திருக்க மாட்டோம். அப்படிப் போனவையும் உண்டு. பட்டியலில் இருக்கும் ஏறத்தாழ 2300 அச்சுப் புத்தகங்களில் இன்று அடையாளம் தெரிந்தவை சில நூறு. திருடியும் பிழைக்காதவை கண்காட்சிக்கு வருவதில்லை, அதனால் நம் கணக்கிலும் வருவதில்லை.

1556-இல் அந்த விண்ணப்பம் கேட்டதும் இதையேதான். தனி வீட்டில் பிழைக்காது, பொது இடத்தில் வையுங்கள், வைத்திருப்பவரைப் பகைத்துக்கொள்ளாமல் நகல் எடுங்கள். தாமஸ் பாட்லி ஆக்ஸ்ஃபோர்டில் தன் நூலகத்தைத் திறந்தது 1602-இல். ஜான் டீ அப்போது உயிரோடு இருந்தார், வயது 75. அதைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவர் கேட்டபோதே செய்திருந்தால் 46 வருடம் மிச்சம். அவர் வீடு கொள்ளை போக வாய்ப்பே இருந்திருக்காது. கொள்ளையடிக்க அங்கே நூலகம் இருந்திருக்காது, எல்லாம் அரசியின் நூலகத்தில் இருந்திருக்கும்.

கொஞ்ச நாள் முன்னால் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கொடை சரி. ஆனா கொடுக்கறவன் கைக்கு வரணும்ல, அதுவரைக்கும் யார் காப்பாத்தினா?” என்றார். நல்ல கேள்விதான். என் பதில் அந்தப் பட்டியல். 1583 செப்டம்பர் 6-ஆம் தேதி போட்ட பட்டியல் அது. ஊரைவிட்டுப் புறப்பட இரண்டு வாரமே இருக்கிறது, மூட்டை கட்ட வேண்டும், கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்கு நடுவில் அந்த மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாகப் பெயர், பதிப்பு, இடம், ஆண்டு என்று எழுதியிருக்கிறார். அதன் பிரதிகள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. 1990-இல் ஜூலியன் ராபர்ட்ஸும் ஆண்ட்ரூ வாட்சனும் அதை அப்படியே படியெடுத்து, கிடைத்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி வெளியிட்டார்கள். பட்டியல் புத்தகத்துக்கு ஈடாகுமா என்றார் நண்பர். ஆகாது. ஆனால் எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்த ஊரில் எந்த வருடம் அச்சானது என்று அதில் எழுதி வைத்திருப்பதால்தான், பெயர் சுரண்டப்பட்ட ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து இது ஜான் டீயுடையது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அது இல்லாமல் போயிருந்தால் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளில் பாதிக்கு மேல் சாண்டரின் பெயரில்தான் இருந்திருக்கும்.